குவைத்து அடுப்பும் ஒரு பறங்கிக்காயும்

கோடை விடுமுறை என்று பேச்சு வந்தால் போதும், நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் வாயில் எச்சில் ஊறிவிடுகிறது. மாங்காய் அடித்தது, ரயிலில் ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொண்டது, மொட்டை மாடியில் படுத்தது என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எழுதுகிறீர்கள். எழுதுங்கள். நானும் படித்துவிட்டுத் தலையாட்டுகிறேன். ஆனால் எனக்கு ஒரு கோடையை நினைத்தால் முதலில் வருவது பயம்தான். அந்த ஒரு கோடையில் நான் பார்க்காத ஊரில்லை, தின்னாத பழமில்லை. எங்கள் ஊரில் வேறு எந்தப் பிள்ளைக்கும் அப்படி ஒரு லீவு வாய்க்கவில்லை. அத்தனையையும் பயந்து பயந்தே தின்று தீர்த்தேன்.

குவைத்தில் சண்டை வந்ததே, அதற்கு அடுத்த கோடை. நான் எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதி முடித்திருந்தேன். தம்பி இரண்டாம் வகுப்பு. கீழ்வேளூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா குவைத்தில் ஒரு ஓட்டலில் கரியடுப்பு முன்னால் நின்று சுடுகிற வேலை பார்த்தவர். சண்டையில் மாட்டிக்கொண்டு, பாலைவனத்தில் பஸ் ஏறி, எல்லையில் கூடாரத்தில் கிடந்து, பம்பாய் விமானத்தைப் பிடித்து, ஐப்பசி மழையில் ஒரு நாள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரே ஒரு பை. அதற்குள் இரண்டு சட்டையும், ஃபிலிம் டப்பா நிறையக் குடைமிளகாய் விதையும். அம்மா அழுவாள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். அவள் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "குளிங்க, வெந்நி போட்டிருக்கேன்" என்றாள். வந்தவர்களுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே கேள்விதான். அப்பா திரும்பப் போவாரா, மாட்டாரா? அதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காமலே சாப்பிட்டோம், கேட்காமலே தூங்கினோம். ரேடியோவில் வெளிநாட்டுச் செய்தி வந்தால் அம்மா எழுந்துபோய் அணைத்துவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்து அப்பா போய்ப் போட்டுக்கொள்வார்.

பொங்கல் கழிந்ததும் அப்பா கொல்லையில் இறங்கினார். அதுவரை கொல்லை அம்மாவின் ராஜ்ஜியம். கத்தரி, வெண்டை, நாலு வாழை, வேலியோரம் படர்ந்த பறங்கிக்கொடி, அவ்வளவுதான். அப்பா வந்து மண்ணைப் புரட்டிப் போட்டு, பாத்தி கட்டி, பந்தல் போட்டு, குளிக்கிற தண்ணீரையும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரையும் சின்ன வாய்க்கால் வெட்டிச் செடிக்குத் திருப்பிவிட்டார். ஆற்றில் மணல் வெந்துகொண்டிருந்த நாளில் எங்கள் கொல்லை மட்டும் பச்சைப் பசேலென்று கிடந்தது. குடைமிளகாய் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. பூப்பதும் உதிர்வதுமாக இருந்தது. அப்பா சாக்கைக் கிழித்து அதற்கு நிழல்கூடக் கட்டிப் பார்த்தார்.

அம்மாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. கீரைக்காரியிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது. "செடி வைக்கிற ஆம்பளை எங்கே போகப் போறாரு, சொல்லு? காலைல எழுந்ததும் பூவை எண்ணிக்கிட்டு நிக்கிறாரு."

நானும் அதை நம்பினேன். இப்போது யோசித்தால்தான் தெரிகிறது, அப்பா வைத்தது எல்லாம் மூன்று மாதத்தில் காய்த்து ஓய்கிற செடிகள். அம்மா எங்கிருந்தோ ஒரு தென்னங்கன்று வாங்கி வந்து கிணற்றடியில் வைத்திருந்தாள். "இதுக்கு ஒரு குழி வெட்டுங்களேன்" என்று வாரத்துக்கு ஒரு தடவை கேட்பாள். "வெட்டலாம், வெட்டலாம்" என்பார். வெட்டவே இல்லை. வளர்ந்த பெண், பக்கத்திலேயே இருந்தவள், இதைக்கூடக் கவனிக்காமல் போனாளே என்று எனக்கு அம்மாவின் மேல் இன்றைக்கும் ஆதங்கம் உண்டு.

பரீட்சை முடிந்த அன்று அப்பா ஒரு அடுப்பு செய்தார். பழைய எண்ணெய் டின்னை நீளவாக்கில் பிளந்து, செங்கல் மேல் நிறுத்தி, உள்ளே கருவேலங்கரி போட்டார். மேலே உடைந்த ஜன்னலின் கம்பி வலை. குத்திச் சுடுவதற்கு சைக்கிள் கடையிலிருந்து வாங்கி வந்து தேய்த்துக் கழுவிய போக்ஸ் கம்பி. அதற்குக் குவைத்து அடுப்பு என்று தம்பி பெயர் வைத்தான். கம்பியில் தக்காளி, வெங்காயம், கத்தரிக்காய் என்று மாற்றி மாற்றிக் குத்தி, எண்ணெய் தடவி, உப்பும் மிளகும் தூவி, அப்பா திருப்பித் திருப்பிக் காட்டுவார். தோல் கருகி, உள்ளே வெண்ணெயாகக் குழைந்து வரும். வாழைப்பழத்தைத் தோலோடு சுட்டுப் பிளந்து கொடுப்பார். செங்காய் மாம்பழத்தைக் கன்னம் கன்னமாக அரிந்து, மிளகாய்த்தூள் போட்டு வலையில் கவிழ்ப்பார். சர்க்கரை உருகிக் கரியில் சொட்டி ஒரு வாசனை எழும் பாருங்கள், அதற்கப்புறம் நான் எத்தனையோ பெரிய ஓட்டல்களில் சாப்பிட்டுவிட்டேன், அந்த வாசனை கிடைக்கவில்லை.

ஊர் சிரித்தது. "அந்த வீட்ல பொழுது சாஞ்சா வாழைப்பழத்தைக் கொளுத்துறாங்களாம்" என்று பம்படியில் பேசிக்கொண்டார்கள். அம்மாவுக்கும் முதலில் பிடிக்கவில்லை.

"சுட்டுத் தின்ன நமக்கென்ன பஞ்சமா? குழம்பு வச்சா ஆகாதா?"

"ஒரு வாய் தின்னு பாரு. அப்புறம் பேசு."

தின்று பார்த்தாள். அப்புறம் பேசவில்லை. மறுநாள் அவளே கத்தரிக்காய் பறித்துக் கழுவி அடுப்புப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். அவர்கள் இருவரும் அப்படி ஒரு தட்டில் தின்று நான் பார்த்தது அந்தச் சில சாயங்காலங்களில் மட்டும்தான். ஆனால் கரி 'பட்'டென்று வெடித்தால் அப்பா தோள் குலுங்கி ஒரு அடி பின்னால் போவார். அம்மா பார்க்காதது மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

பிறகு பயணங்கள் ஆரம்பித்தன. "பிள்ளைங்களுக்கு லீவு. நாலு இடம் காட்ட வேணாமா?" என்றார். அம்மா சந்தோஷமாகத் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள்.

முதலில் நாகப்பட்டினம். கடலில் கால் நனைத்தோம், தம்பி கிளிஞ்சல் பொறுக்கினான். உச்சிவெயில் ஏறுவதற்குள் அப்பா எங்களை ஒரு சர்பத் கடையில் உட்காரவைத்து, "பாப்பா, தம்பியைப் பார்த்துக்க. ஒரு ஆளைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று போனார். சர்பத் தீர்ந்தது. இன்னொன்று வாங்கிக் குடித்தோம், அதுவும் தீர்ந்தது. கடைக்காரர் பெஞ்சைத் துடைக்கிற சாக்கில் எங்களைப் பார்த்துப் பார்த்துப் போனார். அப்பா வந்தபோது முதுகுச் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. யாரைப் பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "எங்கெங்கே போனீங்க?" தம்பி கடல், கப்பல், கிளிஞ்சல் என்று கொட்டினான். அம்மா அவனைக் கேட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

அடுத்து தஞ்சாவூர். பெரிய கோயில் புல்வெளியில் ஓடினோம். நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், ஆனாலும் அந்த நந்தியைப் பார்க்காமல் தஞ்சாவூர் போய் வந்ததாக ஆகுமா? பிறகு ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனோம். எங்களை எடுக்கப் போகிறார் என்று நான் பின்னலைச் சரிசெய்துகொண்டேன். அப்பா மட்டும் நீலத் துணிக்கு முன்னால் போய் உட்கார்ந்து விறைப்பாக முழித்தார். அப்புறம் ஒரு ஆஸ்பத்திரி மாதிரியான இடத்தின் வெளியே எங்களை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. சுருட்டியிருந்த சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டார். மார்க்கெட்டில் பெரிய அன்னாசிப்பழம் ஒன்று வாங்கி என் மடியில் வைத்தார். திரும்புகிற ரயில் முழுக்க அது என் தொடையில் குத்திக்கொண்டே வந்தது. எனக்குப் பதின்மூன்று வயது. போட்டோவும் ரத்தப் பரிசோதனையும் வெளிநாட்டுக்குத்தான் என்று புரியாமல் இருக்குமா?

"இந்த வெயில்ல என்ன முழுக்கை?" என்று அம்மா கேட்டாள்.

"ரயில்ல ஒரே கரி."

அவள் அரிவாள்மணையை எடுத்துப் போட்டாள். அன்னாசியை வில்லை வில்லையாக அரிந்து கொடுத்தாள். அப்பா அன்றைக்கு முழுக்கைச் சட்டையோடுதான் அடுப்பு முன்னால் நின்றார். சுட்ட அன்னாசி அத்தனை ருசி. நான் என் வில்லையைத் தம்பியின் தட்டில் போட்டுவிட்டேன்.

எங்கள் ஊர்க் கோயிலில் அறுப்பின் பண்டிகை சித்திரைக் கடைசியில் வரும். அறுவடை முடிந்து, வெளியூரில் இருப்பவர்களும் லீவுக்கு வந்திருக்கும் நேரம். அவரவர் வயலிலும் கொல்லையிலும் விளைந்ததில் நல்லதைக் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் வைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். பண்டிகைக்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். அப்போது அப்பாவைத் தேடி ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். தோல் பை, விரலில் மோதிரம், மேலெல்லாம் சென்ட் வாசனை. "திருவாரூர் சிநேகிதர்" என்றார் அப்பா. வந்தவரை உபசரிக்க அடுப்பு மூட்டினார். எங்களை எலுமிச்சம்பழமும் சோடாவும் வாங்கி வரக் கடைக்கு அனுப்பினார்.

நாங்கள் திரும்பி வந்தபோது பறங்கிக்காய் வெந்துகொண்டிருந்தது. வேலியோரக் கொடியில் கிடந்த பெரிய காய். கத்தரியெல்லாம் முந்தின நாளே பறித்தாகிவிட்டது, கையில் கிடைத்தது அதுதான். பிறை பிறையாக அரிந்து தோலோடு வலையில் அடுக்கியிருந்தார். விளிம்பு கருகி, சதை தேன் நிறமாக மின்னியது. சிநேகிதர் ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தார். "அண்ணே, நீங்க கையோட பெட்டியைக் கட்டலாம்ணே. இந்தக் கைக்கு எந்த ஊர்லயும் வேலை உண்டு" என்றார். அப்பா என்னைப் பார்த்துவிட்டுக் கரியைக் கிளறினார்.

அம்மா அப்போதுதான் வேதப்புத்தகத்தோடு கொல்லைப்பக்கம் வந்தாள். விருந்தாளியைப் பார்த்து, "வாங்க" என்றாள். அவள் பார்வை அடுப்புக்குப் போய், வேலிக்குப் போய், அங்கே கொடியடியில் கிடந்த வெறும் வைக்கோலுக்குப் போனது. வலையோரம் ஆறிக்கிடந்த ஒரு துண்டை எடுத்துத் தோல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். தோலில் தழும்பு மாதிரி வெளுப்பாக ஒரு சிலுவையின் பாதி இருந்தது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பண்டிகைக்கென்று பிரிக்கிற காயில், அது பிஞ்சாக இருக்கும்போதே ஊக்கால் சின்னதாகச் சிலுவை கீறிவிடுவார்கள். காய் பெருக்கப் பெருக்கச் சிலுவையும் பெருக்கும். வெளியே தெரிந்தால் பெருமைக்குச் செய்தது போலாகிவிடும் என்று கீறின பக்கத்தைத் தரையில் கவிழ்த்து, அடியில் வைக்கோல் போட்டுவிடுவார்கள். அப்பாவும் அதே சபையில் வளர்ந்தவர்தான். ஆனால் அடியில் சிலுவை இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. காய் அழுகாமல் இருக்க வைக்கோல் போட்டிருக்கிறாள் என்று எண்ணி, பேச்சு மும்முரத்தில் காயைத் திருப்பிப் பார்க்காமலே அரிந்துவிட்டார்.

அம்மா கத்துவாள் என்று நான் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் துண்டைத் தட்டில் வைத்தாள். மழை வருமா என்று கேட்கிற குரலில் விருந்தாளியைப் பார்த்துக் கேட்டாள்.

"இவரு எப்பங்க கிளம்பணும்?"

"அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணி. மெட்ராஸ்லேருந்து துபாய். விசா கைக்கு வந்தாச்சு" என்றார் அவர் வாயில் பறங்கியோடு. யாரும் ஒன்றும் பேசாததைப் பார்த்துவிட்டு, "அண்ணன் சொல்லலிங்களா?" என்றார். அதற்குமேல் அவர் அங்கே நிற்கவில்லை. நாங்கள் வாங்கி வந்த சோடாவை யாரும் உடைக்கவில்லை.

ஸ்கூட்டர் சத்தம் ஓய்ந்ததும் அம்மா சொன்னாள். "நீங்க உசிரோட வந்ததுக்குப் பொருத்தனை பண்ணி வச்சிருந்த காய் அது. ஆண்டவருக்குன்னு வச்சதை ஏஜெண்டுக்குச் சுட்டுப் போட்டுட்டீங்க."

அப்பாவின் கையிலிருந்த கம்பி கீழே விழுந்தது. "எனக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னியா?"

"நீங்க சொன்னீங்களா?"

அம்மா துண்டுகளையெல்லாம் பொறுக்கி, வாழையடியில் குழி தோண்டிப் புதைத்தாள். பொருத்தனையை, அந்த நேர்த்திக்கடனை, அவள் ஏன் மறைத்தாள் என்று எனக்குப் பல வருஷம் புரியவில்லை. பண்டிகையன்று அந்தக் காயை அப்பாவின் கையில் கொடுத்துப் பீடத்தண்டை வைக்கச் சொல்ல வேண்டும், சபை முன்னால் நின்றுவிட்டால் மனிதர் மனசு இங்கேயே நின்றுவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். அப்பாவின் கணக்கு வேறு. நாலு இடம் சுற்றி, நாலு பழம் சுட்டுக் கொடுத்து வீட்டைச் சிரிக்க வைத்துவிட்டால் போகிற விஷயத்தை மெதுவாகச் சொல்லிவிடலாம். இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளியும் சனியும் வீட்டில் அடுப்பு எரிந்ததோடு சரி. "உங்க அப்பாவைச் சாப்பிடச் சொல்லு" என்பாள் அம்மா. "உங்க அம்மாவைச் சாப்பிடச் சொல்லு" என்பார் அப்பா. இரண்டு பேரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். எனக்குப் பெருங்கோபம் வந்தது. சனிக்கிழமை காலை அப்பா குடைமிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது கேட்டேவிட்டேன்.

"போய்த்தான் ஆகணுமாப்பா?"

"இங்கே இருந்து என்ன பண்ணட்டும் பாப்பா? குத்தகைக்கு நெலம் எடுத்துட்டு, மேட்டூர் திறப்பானா மாட்டானான்னு வானத்தைப் பார்த்துக்கிட்டு உக்காரவா? உன்னையும் தம்பியையும் எப்படிப் படிக்க வைப்பேன்?" சொம்பைக் கீழே வைத்தார். "ஆனா உங்க அம்மா வாயால போயிட்டு வாங்கன்னு சொல்லாம நான் படி இறங்க மாட்டேன். போன தடவை அவ சொல்லாமத்தான் போனேன். கூடாரத்துல கிடந்தப்ப அதேதான் ஞாபகம்."

அம்மாவிடம் அதை அப்படியே போய்ச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நான் சொல்லி அனுப்பி, அங்கே ஒண்ணு ஆயிடுச்சுன்னா? பொருத்தனை வேற கெட்டுக் கிடக்கு" என்றாள். களைந்த அரிசியை மறுபடியும் களைந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நிற்க இடமில்லை. பீடத்துக்கு முன்னால் நெல் மூட்டை, வாழைத்தார், தேங்காய்க் குலை, முருங்கைக் கட்டு, முறுக்குத் தூக்கு. காலைக் கட்டிப் போட்ட சேவல் ஒன்று பிரசங்கம் முழுக்கக் கூவிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து நாலு வெண்டைக்காய்கூடப் போகவில்லை. ஆண்கள் பக்கம் அப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கம் அம்மா, நான், தம்பி.

பாட்டு முடிந்ததும் உபதேசியார் எழுந்து, "சாட்சி சொல்ல விரும்புறவங்க சொல்லலாம்" என்றார். குவைத்துச் சண்டையிலிருந்து தப்பி வந்தவரின் சாட்சியைக் கேட்க ஊரே காத்திருந்தது. எல்லோரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா எழுந்திருக்கப் பார்த்துப் பெஞ்சைப் பிடித்தபடி பாதியில் நின்றார். அதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். சபையில் அதுவரை வாய் திறந்து பேசாதவள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பேசினாள்.

"சபையாருக்குத் தோத்திரம். அங்கே சண்டைன்னு ரேடியோவுல கேட்டன்னிக்கு நான் முட்டி போட்டேன். அவரை உசிரோட கொண்டாந்து சேர்த்துடும் ஆண்டவரே, என் கொல்லையில காய்க்கிற நல்ல காயைக் கொண்டாந்து வைக்கிறேன்னு பொருத்தனை பண்ணினேன். அவர் கொண்டாந்து சேர்த்துட்டாரு. என்னாலதான் காயை வைக்க முடியல. வீட்ல தெரியாம அறுத்துட்டாங்க."

யாரோ 'ச்சு' கொட்டினார்கள். அம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அதுக்காக ஆண்டவர் கோவிச்சுக்கிட்டு எங்க வீட்டுக்காரரைப் பிடுங்கிக்கிட்டுப் போறாருன்னு யாரும் பேச வேணாம். நான் கேட்டதை அவர் குடுத்துட்டாரு. வரணும்னு கேட்டேன், வந்துட்டாரு. இருக்கணும்னு நான் கேக்கலை. எனக்குக் கேக்கத் தோணலை. அது என் தப்பு, அவர் தப்பு இல்ல." அப்போதுதான் ஆண்கள் பக்கம் பார்த்தாள். "போயிட்டு வாங்க."

அப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு விம்மினேன். அவள் உட்கார்ந்து, ஒன்றும் நடக்காதது போலத் தம்பியின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அப்பா போனார். அன்று சாயங்காலம் அம்மா எங்களைப் பக்கத்தில் உட்காரவைத்து ஜெபித்தாள். அதுவரை இரண்டு வரியில் முடிகிற அவளுடைய ஜெபம் அன்றைக்கு நீண்டது. "போனவரு நல்லபடியாப் போய்ச் சேரணும். நல்லபடியா வரணும். வந்தா வீட்லயே இருக்கணும். மூணையும் சொல்லிட்டேன் ஆண்டவரே" என்று, கடைக்கு அனுப்புகிற பிள்ளையிடம் சொல்வதுபோல, ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னாள். அப்பாவின் தலைமுடி நரைத்து, எனக்குக் கல்யாணமாகி, தம்பியும் விமானம் ஏறிய பிறகும் அவள் அந்த ஜெபத்தில் ஒரு வார்த்தையைக்கூடக் குறைக்கவில்லை. முதல் இரண்டையும் ஆண்டவர் கடைசிவரை குறைவில்லாமல் நடத்திக் கொடுத்தார்.